அச்சறிந்து சில்லிடுக

சக்கரத்துக்குத் தமிழிலே பெயர்கள் பல. ஆழி, திகிரி, நேமி, உருளை எனப் புலவர் வழங்குவர். யாழ்ப்பாணத்தார் நாவில் என்றும் வழங்குவது சில்லு. வண்டிற்சில்லு, சைக்கிள்ச்சில்லு, கார்ச்சில்லு என்று நாம் கூறுங்கால், முற்றத்திலே சிறுமியர் கோடு கீறி எறிந்து விளையாடும் ஓட்டுத்துண்டும் அதே பெயர் பெற்றிருத்தல் நினைவுக்கு வரும். இவையெல்லாவற்றினும் பொருளாழம் உடைய பெயர் ஒன்று பழைய நூல்களில் உண்டு. அது 'கால்' என்பது. தேரின் சக்கரத்தைத் தேர்க்கால் என்றே முன்னோர் கூறினர். வடிவை நோக்கினார் வட்டத்தைக் கண்டு திகிரி என்றனர். தொழிலை நோக்கினார் தாங்குதலைக் கண்டு கால் என்றனர். வண்டி எதன்மேல் நிற்கின்றதோ, எதனால் நடக்கின்றதோ, அது அதன் காலன்றி வேறென்ன?

இந்தப் பெயர்வேறுபாட்டை இங்கே எடுத்துக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. நம் குடாநாட்டு இளைஞர் பலர் இன்று சில்லை வண்டியின் காலாகக் கருதாது, காதுக்குத் தோடுபோல, விரலுக்கு மோதிரம்போல, ஓர் அணிகலனாகக் கருதத் தலைப்பட்டுள்ளனர். ஒரு வண்டிக்கென வார்த்த அலோய்ச் சில்லைக் கழற்றி வேறொரு வண்டிக்குப் பூட்டுவதும், வண்டியின் உடலைத் தரையோடு ஒட்டத் தாழ்த்துவதும் எங்கும் காணும் காட்சியாகிவிட்டன. இதுபற்றி நாலு வார்த்தை எழுதுதல் வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

பிராசீன கல்லூரியிலே இலக்கணம் கற்பிப்பவனுக்கு மோட்டார் வண்டியோடு என்ன தொடர்பு என்று சிலர் வினவுதல் கூடும். காலையில் என்னிடம் யாப்பருங்கலக் காரிகை கேட்கும் மாணாக்கருள் சிலர் மாலையில் கராச்சிலே தொழில் பழகுகின்றனர். வெண்பாவின் தளை தட்டினால் அவர்களைத் திருத்துவது என் கடன். வண்டியின் தளை தட்டினால் வாய்மூடி இருத்தல் எங்ஙனம்? அன்றியும், வண்டியின் அச்சையும் ஆணியையும் பற்றிப் பேசுதல் தமிழ்ப் புலமைக்கு இழுக்காயின், வள்ளுவரும் ஔவையாரும் அவ்விழுக்குக்கு முன்னரே ஆளாகியிருப்பர்.

முதலில் நிலைமையைக் கூறுவேன். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் இந்நாட்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்குரிய வாகனங்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். ஏறத்தாழ ஐந்தாண்டுக்காலம் புதிய வண்டி வரவில்லை. தடை நீங்கிய பின்னரும் வரிச்சுமையால் விலை எளியோர்க்கு எட்டாததாயிற்று. ஆகவே இருபது, முப்பது ஆண்டுப் பழைய வான்களே இன்றும் நம் தெருக்களிற் பொன்போல மதிக்கப்படுகின்றன. ரொயோட்டாவின் ஹயஸ் வானை அறியாத கிராமம் வடக்கிலே இல்லை. திருமணத்துக்கும் மரணச்சடங்குக்கும், வைத்தியசாலைக்கும் விமான நிலையத்துக்கும் அதுவே ஊர்தி. அண்மைக் காலத்திலே இவற்றுட் சிலவற்றின் இருக்கைகளை அகற்றிப் பலகைப் படுக்கை, நீர்த்தாங்கி, அடுப்பு, மின்கலம் முதலியன பொருத்திப் படுக்கைவானாக்கிப் பயணம் போகும் வழக்கமும் தொடங்கியுள்ளது. உள்ளே வீடமைத்த பின் வெளியே அழகு செய்யும் ஆசை எழுகின்றது. வண்டியைத் தாழ்த்துகின்றனர், பிறிதொரு வண்டியின் அகன்ற அலோய்ச் சில்லைத் தேடிப் பூட்டுகின்றனர்.

இதுபற்றி ஊரிலே இருதிறக் கருத்து நிலவுகின்றது. ஒருசாரார், வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே இருத்தல் வேண்டும். கைவைத்தவனைத் தண்டித்தல் வேண்டும் என்பர். 2025 ஜனவரியிலே பொலிசார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றை அகற்றப் புகுந்தபோது, இச்சாரார் அதனை மனமார வரவேற்றனர். மறுசாரார், வண்டி என்னுடையது. சில்லு என் பணத்தில் வாங்கியது. துளைக்குத் துளை பொருந்தினால் யாருக்கு என்ன நட்டம் என்பர். இவ்விரண்டும் குறையுடையன என்பதே என் துணிபு. முன்னையோர் நம் மண்ணின் வரலாற்றை மறந்தனர். பின்னையோர் பொருத்தம் என்னும் சொல்லின் பொருளை மறந்தனர்.

வரலாற்றை முதலில் நோக்குவோம். பிறநாட்டு வண்டியைப் பெற்று அதனைத் தன் தேவைக்கு ஏற்ப மாற்றி ஓட்டுதல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. தட்டிவான் என்னும் பெயரைக் கேட்ட அளவில் ஐம்பது வயதைக் கடந்தவர் முகம் மலரும். அது என்ன? ஆங்கில, அமெரிக்க லொறிகளின் அடிச்சட்டத்தின்மேல் நம்மூர்த் தச்சர் மரத்தாற் கூடு கட்டி, பின்புறத்திலே சங்கிலியில் தொங்கும் பலகைத் தட்டி ஒன்றை அமைத்து ஆக்கிய வண்டி. ஆட்கள் உள்ளே இருப்பர்; பலாப்பழமும் வாழைக்குலையும் தேங்காய்ச் சாக்கும் தட்டியிலே ஏறும். கொடிகாமம் - பருத்தித்துறை வழியிலே அது நெடுங்காலம் ஓடியது. 1958ஆம் ஆண்டு பஸ் சேவை முழுவதும் அரசுடைமை ஆகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிய பின்னரும், தென்மராட்சிக் கமக்காரனுக்கும் வடமராட்சிச் சந்தைக்கும் இடையிலே தட்டிவானுக்கு வேலை இருந்தது. கடல்கடந்து வந்த அடிச்சட்டத்தைத் தமிழ்த் தச்சன் தன் உளியால் தமிழாக்கினான் என்று கூறினால் அது மிகையன்று.

1990 யூனிலே போர் மீண்டும் மூண்டபின் நாம் பட்ட பாட்டை இங்கே விரிக்க வேண்டியதில்லை. பெற்றோல் வரவில்லை, உதிரிப்பாகம் வரவில்லை, கண்டி வீதி மூடப்பட்டது. அக்காலத்திலே நம் தெருக்களில் ஓடியவை 1950களிலும் 60களிலும் வந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்களே. மண்ணெண்ணெயில் அவை ஓடின. சேலைன் போத்தலில் அடைத்த சில துளி பெற்றோலாற் காரை உயிர்ப்பித்து, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புதிய கார்களிலே இது செல்லாது. பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு. ஆதலால் இழிந்த எரிபொருளையும் அவை சகித்துக்கொண்டன. இக்காரணத்தை நம் கராச்சுக்காரர் நூலிற் படித்திலர், கையாற் கண்டறிந்தனர். ஒரு காரின் உறுப்பு மற்றொரு காரிலும், லொறியின் உறுப்பு உழவு இயந்திரத்திலும் புகுந்தது அக்காலத்திலேதான். 1995 ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் திரண்டு தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, முதியோரையும் பிணியாளரையும் சுமந்து சென்றவற்றுள் இத்தகைய வண்டிகளும் இருந்தன. ஆகவே, மாற்றியமைத்தலே குற்றம் என்பார் நம் உயிரைக் காத்த கைத்திறனையே குற்றம் என்பவராவர்.

ஆயினும் இங்கே ஒன்று உய்த்துணரற்பாலது. அக்கால மாற்றங்கள் தேவையிற் பிறந்தவை. தேவை ஒருவனை அடக்கமுடையவனாக்கும். ஓர் உறுப்பு உடைந்தால் வேறு கிடையாது என்பதை அறிந்தவன் பத்துமுறை அளந்து ஒருமுறை வெட்டினான். இக்கால மாற்றங்கள் பெரும்பாலும் விருப்பிற் பிறந்தவை. விருப்புத் தவறென்று நான் கூறேன். அழகை விரும்பாதவன் தமிழ் கற்று என் பயன்? ஆனால் விருப்பத்துக்கு அளவுகோல் தானாக வாய்ப்பதில்லை. அதனை நாமே தேடிக்கொள்ளல் வேண்டும்.

அந்த அளவுகோலை நம் முன்னோர் அறிந்திருந்தனர். புறநானூற்றின் 102ஆம் பாட்டிலே ஔவையார் உப்பு வணிகர் வண்டியொன்றைக் காட்டுகின்றார். எருதுகள் இளையன, நுகம் பழகாதன, பாரமோ மிகுதி. வழியிலே பள்ளம் வருமோ மேடு வருமோ என்று அறிதற்கில்லை. ஆதலால் அவ்வணிகர் வண்டியின் கீழே மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு சென்றனர். அதற்குச் சேமவச்சு என்று பெயர். தலைவன் ஒருவனைப் புகழ வந்த புலவர் அவனை அந்தச் சேமவச்சுக்கு ஒப்பிட்டார். உப்பு வணிகர் வண்டியை அழகு பார்த்துக் கட்டவில்லை; பாரத்தையும் வழியையும் எண்ணிக் கட்டினர். வள்ளுவரும் மயிலிறகு மிகுந்தால் அச்சு முறியும் என்றும், பெருந்தேருக்குச் சிறிய ஆணியே ஆதாரம் என்றும் இருவேறு இடங்களில் உவமை கூறினார். மெல்லிய பொருளும் அளவு மீறினாற் பாரம்; சிறிய உறுப்பும் இடத்தில் இல்லையேல் அழிவு. பிறவண்டிச் சில்லைப் பூட்டுவார் அறியவேண்டிய இலக்கணம் இவ்விரண்டினுள்ளே அடங்கிவிட்டது.

இனி அவ்விலக்கணத்தைச் சற்று விரிப்பேன். திருமணம் செய்யுங்கால் நாம் பொருத்தம் பார்க்கின்றோம். சில்லுக்கும் அச்சுக்கும் செய்யும் திருமணத்துக்கு ஐந்து பொருத்தம் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, துளைவட்டப் பொருத்தம். சில்லை அச்சோடு இறுக்கும் ஆணிகள் ஒரு வட்டத்தின்மேல் அமைந்துள்ளன. அவற்றின் எண்ணிக்கையும் அவ்வட்டத்தின் விட்டமும் ஒத்திருத்தல் வேண்டும். யப்பானியக் கார்கள் பலவற்றுக்கு ஐந்து ஆணியும் 114.3 மில்லிமீற்றர் வட்டமும் உண்டு. ஐரோப்பியக் கார்கள் பலவற்றுக்கு ஐந்து ஆணியும் 112 மில்லிமீற்றர் வட்டமும் உண்டு. வேறுபாடு 2.3 மில்லிமீற்றர். பெரிதும் வேறுபட்டால் தீங்கில்லை. சில்லு ஏறவே மாட்டாது. சிறிது வேறுபட்டாலே தீங்கு. வலிந்து இறுக்கினால் ஏறிவிடும். ஏறிய பின் ஆணிகள் வளைந்து நிற்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் அவ்வளைவு தளர்ச்சியை வளர்க்கும். முற்றும் பகையான சொல்லை யாரும் பாட்டிலே வைப்பதில்லை. ஏறக்குறையப் பொருந்துவது போலத் தோன்றும் சொல்லே பாட்டைக் கெடுக்கின்றது.

இரண்டாவது, நடுத்துளைப் பொருத்தம். சில்லின் நடுவிலுள்ள துளை அச்சுத்தலையின் மேட்டிலே இறுக அமர்தல் வேண்டும். புதிய ஹயஸ் வானுக்கும், அதே ரொயோட்டாவின் ஹைலக்ஸ், பிறாடோ வண்டிகளுக்கும் ஆணி ஆறு, வட்டம் 139.7 மில்லிமீற்றர்; அஃதாவது ஐந்தரை அங்குலம். மிற்சுபிசியின் பஜெறோவுக்கும் ஆணி ஆறு. வட்டம் அதே 139.7. இதைக் கண்டவன் ஒன்றின் சில்லு மற்றொன்றுக்கு ஆகும் என்று துணிவான். ஆனால் ரொயோட்டாவின் நடுமேடு 106 மில்லிமீற்றர் அளவினது; மிற்சுபிசிச் சில்லின் நடுத்துளை 67 மில்லிமீற்றர் அளவினது. அது அமராது. அமர்த்தவேண்டும் என்று கடைசல் இயந்திரத்திலே நடுவைக் குடைந்தெடுப்பாரும் உளர். அஃது ஒருவனுக்குச் செருப்புப் பொருந்தவில்லை என்று குதிக்காலைச் சீவுவதோடு ஒக்கும்.

மூன்றாவது, உள்வாங்கற் பொருத்தம். சில்லின் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், அது அச்சிலே படியும் முகத்துக்கும் இடையேயுள்ள தூரம் இது. சில்லின் உட்புறத்தில் மில்லிமீற்றர்க் கணக்கிலே இதனைப் பொறித்திருப்பர். ஒரே அகலமுடைய இரு சில்லுகளில் ஒன்றுக்கு 35 என்றும் மற்றொன்றுக்கு 10 என்றும் இருப்பின், பின்னையது 25 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கும். நிற்குமாயின் அச்சின் உருளைத்தாங்கிக்கு நெம்புகோல் நீளும், தேய்வு விரையும், ஸ்ரியறிங் கனக்கும், தாழ்த்திய வண்டியிலே ரயர் மட்காட்டை உராயும்.

நான்காவது, சுமைப் பொருத்தம். ஐந்தினும் தலையாயது இதுவே; மிகுதியாக மறக்கப்படுவதும் இதுவே. ஓர் அச்சிலே 1500 கிலோகிராம் பாரம் இறங்குமாயின் ஒவ்வொரு சில்லும் ரயரும் 750 கிலோகிராம் தாங்குதல் வேண்டும். ரயரின் பக்கத்திலே சுமைக்குறி எண் ஒன்று உண்டு. 98 என்றிருந்தால் அது 750 கிலோகிராம் தாங்கும்; 91 என்றிருந்தால் 615 மட்டுமே தாங்கும். சிறு காருக்கென வார்த்த அழகிய சில்லை அதன் ரயரோடு வானுக்குப் பூட்டினால், ஒரு சில்லுக்கு 135 கிலோகிராம் குறைகின்றது. படுக்கைவானிலோ பாரம் இறங்குவதில்லை; ஏறியே இருக்கும். நூறு லீற்றர் நீர் நூறு கிலோகிராம். பலகையும் அடுப்பும் மின்கலமும் அதன்மேல். மயிலிறகு என்று எண்ணி ஒவ்வொன்றாக ஏற்றியவற்றின் கூட்டுத்தொகையை அச்சு ஒருநாளும் மறப்பதில்லை. யப்பானிலே வார்த்த அலோய்ச் சில்லுகளில் ஜே.டபிள்யூ.எல். என்னும் முத்திரை பயணிகள் காருக்குரிய தரத்தையும், அதனோடு ரி என்னும் எழுத்துச் சேர்ந்த முத்திரை லொறி, பஸ் வகைக்குரிய தரத்தையும் குறிக்கும். ஓர் எழுத்து மிகுந்தால் பொருள் மாறும் என்பதைத் தமிழ் மாணாக்கனுக்கு நான் கற்பிக்க வேண்டுமோ?

ஐந்தாவது, இருக்கைப் பொருத்தம். நட்டு சில்லிலே அமரும் இடம் எல்லாவற்றுக்கும் ஒன்றன்று. சிலவற்றுக்குக் கூம்பு, சிலவற்றுக்கு உருண்டை, சிலவற்றுக்குத் தட்டை. ரொயோட்டாவின் இரும்புச் சில்லுக்குக் கூம்பு நட்டு. அந்நிறுவனத்தின் மூல அலோய்ச் சில்லுகள் பலவற்றுக்குத் தட்டை வளையமும் நீண்ட கழுத்தும் உடைய நட்டு. பழைய நட்டையே புதிய சில்லுக்கு முறுக்கினால் அது இறுகியதுபோலத் தோன்றும்; உண்மையில் விளிம்பு ஒன்றிலே மட்டும் தொட்டு நிற்கும். அலுமினியக் கலவை இரும்பினும் மெத்து. ஆகவே ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்கிப் பார்த்தல் வேண்டும். தேருக்கு அச்சாணி எதுவோ, மோட்டார் வண்டிக்கு இந்த நட்டு அதுவே.

இவ்வைந்தும் பொருந்திய பின்னரே தாழ்த்துதல் பற்றி எண்ணல் வேண்டும். புதிய ஹயஸ் வானுக்கு முன்புறத்திலே முறுக்குத்தண்டும் பின்புறத்திலே பட்டைவில்லும் உள்ளன. முன்னதின் திருகைத் தளர்த்தியும் பின்னதின் இடையிலே கட்டை வைத்தும் உடலைத் தாழ்த்துகின்றனர். தாழ்ந்த வண்டிக்கு மேலும் கீழும் அசைய இடம் குறைவு. அசைய இடமற்ற வில், வில்லன்று, தடி. குழியின் அதிர்ச்சி முழுவதும் சில்லிலே இறங்கும். இரும்புச் சில்லு வளையும். வளைந்ததைக் கண் காணும். அலோய்ச் சில்லு வெடிக்கும். வெடிப்பு முதலிற் கண்ணுக்குத் தெரியாது. நம் உள்வீதிகளின் குழிகளை அறிந்தவர் இதனை எளிதில் உணர்வர். அன்றியும், பின்னுடலின் உயரத்தைக் கொண்டு சுமையை அளந்து பிறேக்கின் விசையைப் பங்கிடும் அமைப்புச் சில வான்களில் உண்டு. உடலைத் தாழ்த்தினால் அது வெறும்வண்டியைப் பாரவண்டி என்று மயங்கிப் பின்சில்லுக்கு மிகுந்த விசையை விடும். மழைநாளிலே வழுக்கும்போது காரணம் விளங்காது மழையைப் பழிப்பர்.

புலம்பெயர்ந்த நம் உறவினர் வாழும் நாடுகளிலே இந்தக் கலை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதையும் ஒப்பிட்டு நோக்குதல் நன்று. இங்கிலாந்திலே 2003ஆம் ஆண்டு முதல் வந்த வொக்ஸ்வாகன் ரி-5 வானைப் படுக்கைவானாக மாற்றித் தாழ்த்திப் பிறவண்டிச் சில்லிடும் வழக்கம் மிகுதி. அவ்வானுக்கு ஆணி ஐந்து. வட்டம் 120 மில்லிமீற்றர். லாண்ட் ரோவர் டிஸ்கவரி 3க்கும் அதுவே அளவு. அது பாரமான வண்டி ஆதலால் அதன் சில்லு வானின் சுமையைத் தாங்க வல்லது. ஆயினும் டிஸ்கவரியின் நடுத்துளை 72.6 மில்லிமீற்றர், வானின் நடுமேடு 65.1 மில்லிமீற்றர். இடைவெளி 7.5. அதனை நிரப்ப ஒரு வளையம் இடுகின்றனர். வானின் மூல ஆணிக்குத் தலை உருண்டை. டிஸ்கவரிச் சில்லுக்கு வேண்டுவது கூம்பு. ஆகவே ஆணியை மாற்றுகின்றனர். ரயரையும் அளந்தே தெரிகின்றனர். வானின் 215/65 ஆர் 16 ரயரின் விட்டம் ஏறத்தாழ 686 மில்லிமீற்றர்; 255/45 ஆர் 18 ரயரின் விட்டம் 687. இரண்டும் ஒக்கும். டிஸ்கவரியின் 255/55 ஆர் 19 ரயரை அப்படியே இட்டால் விட்டம் 763 ஆகும். வேகமானி 60 காட்டும்போது வண்டி 67 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். அறிந்தவன் ஆசைப்படுவதற்கும் அறியாதவன் ஆசைப்படுவதற்கும் உள்ள வேற்றுமை இந்தக் கணக்கிலே தெரிகின்றது.

இதனை நோக்குந்தோறும் எனக்குப் புணரியலே நினைவுக்கு வருகின்றது. இரு சொற்கள் இயல்பாகவே புணர்ந்தால் அது சிறப்பு. இயல்பாகப் புணராவிடின் விகாரம் மூன்று என்றார் நன்னூலார்: தோன்றல், திரிதல், கெடுதல். நடுவிலே வளையம் இடுதல் தோன்றல். உருண்டை ஆணி கூம்பாணி ஆதல் திரிதல். இவ்விரண்டும் அச்சும் சில்லும் புணர்தற்கு ஏற்ற விகாரங்கள். துளையைக் குடைதலும் அரத்தால் அராவுதலும் கெடுதல். சொல்லிலே கெடுதல் விகாரம் உண்டு. ஓர் எழுத்துக் கெட்டாலும் பொருள் கெடாது. சில்லிலே கெடுதல் விகாரம் கொள்ளத்தக்கதன்று. அங்கே கெடுவது உயிர். பிறமொழிச் சொல்லைக் கொள்ளும்போதும் தொல்காப்பியர் தடை விதித்தாரல்லர். தமிழெழுத்தோடு பொருந்துமாறு கொள்க என்று வழி வகுத்தார். வாராதே என்பதும் வந்தபடியே வருக என்பதும் அவர் கொள்கையல்ல. பொருந்தி வருக என்பதே கொள்கை. மொழிக்கு உரைத்த அக்கொள்கை வண்டிக்கும் ஆகும்.

இனிச் செய்யத்தக்கது யாது? இந்நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். காலத்துக்குக் காலம் திருத்தங்கள் பெற்றதாயினும் அது பிறந்த காலத்திலே அலோய்ச் சில்லும் படுக்கைவானும் நம் நினைவிலேயே இல்லை. தனியார் பாவனை வண்டிக்கு ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுங்கால் புகைப் பரிசோதனைச் சான்றைக் கேட்கின்றனர். புகை எவ்வளவு என்று அளக்கும் அரசு, சில்லு எவ்வாறு நிற்கின்றது என்றும் அளக்கலாகாதோ? வீதியோரத்திலே வண்டியை மறித்து, கண்ணுக்குப் புதிதாய்த் தோன்றியவற்றையெல்லாம் கழற்றுவதால் நன்மை சிறிதே. அங்கே அழகுக்கு ஒட்டிய தாளும் உயிருக்கு உலைவைக்கும் சில்லும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. மேலே கூறிய ஐந்து பொருத்தத்தையும் அளந்து சான்று வழங்கும் முறை ஒன்று வேண்டும். பொருந்தியதற்கு அனுமதி, பொருந்தாததற்கு மறுப்பு. அளப்பதற்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. ஓர் அளவுகோலும், ரயரின் எழுத்தை வாசிக்கும் கண்ணும், முறுக்குவிசை காட்டும் ஸ்பானரும் போதும்.

'விதியை இறுக்கினால் ஏழைக் கராச்சுக்காரன் பிழைப்பது எங்ஙனம்?' என்று கேட்பாரும் உளர். அளவு அறிந்தவனுக்கே வேலை கிடைக்கும் என்னும் நிலை வந்தால், நெடுநாள் தொழில் பயின்றவனுக்கு அது வாழ்வு. கெடுதல் வருவது அரத்தை மட்டும் நம்பியிருப்பவனுக்கே. இன்று இருவருக்கும் ஒரே கூலி. மலிவாகச் செய்பவனிடமே இளைஞர் செல்கின்றனர்.

இதனினும் முதன்மையான கடன் நம்முடையது. ஆசிரியரும் எழுத்தாளருமாகிய நம்முடையது. மண்ணெண்ணெயிலே காரோட்டிய தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர், பலர் மறைந்துவிட்டனர். அவர்கள் கையறிவை யார் எழுதி வைத்தோம்? ஒரு கவிஞன் மறைந்தால் மலர் வெளியிடுகின்றோம். நூறு வண்டியை உயிர்ப்பித்த ஒரு தொழிலாளி மறைந்தால் மரணவறித்தலோடு அவன் அறிவும் முடிகின்றது. இலக்கியச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கராச்சுக்குச் சென்று, அங்கே வழங்கும் சொல்லையும் செய்முறையையும் கேட்டு எழுதுதல் வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரி மாணவன் கையிலே தமிழிற் படிக்கத்தக்க சிறு நூல் ஒன்று இருத்தல் வேண்டும். துளைவட்டம், நடுத்துளை, உள்வாங்கல், சுமைக்குறி, இருக்கை என்னும் சொற்களை நான் இக்கட்டுரைக்காக ஆண்டேன். இவற்றினும் நல்ல சொல் கராச்சிலே வழங்குமாயின் என் சொல்லை விட்டு அதனையே கொள்க. சொல் யாருடையதாயினும் ஆகுக. பொருள் மாணவனுக்குத் தெளிவாதல் வேண்டும். தன் மொழியிலே பெயரில்லாத ஒன்றை ஒருவன் அளக்க மாட்டான். அளக்காத ஒன்றை அவன் அஞ்சவும் மாட்டான்.

இளைஞரை நோக்கி ஒன்று கூறி அமைவேன். உங்கள் வண்டியை அழகு செய்யுங்கள். அதனை நான் தடுப்பவனல்லேன். தட்டிவானின் நெற்றியிலே வண்ணத்தாற் பெயரெழுதி மகிழ்ந்த ஊர் இது. ஆனால் மயிலின் தோகை எவ்வளவு அழகாயினும் மயில் நிற்பது காலிலே. தோகைக்கு வேண்டிய உரிமையைத் தோகைக்குக் கொடுங்கள். காலுக்கு வேண்டிய கணக்கைக் காலுக்குக் கொடுங்கள். பிறவண்டிச் சில்லைக் கையில் எடுத்தவன் முதலில் வினவ வேண்டியது, 'இஃது என் வண்டிக்கு அழகாகுமா?' என்பதன்று, 'என் வண்டியிலே ஏறும் தாயையும் குழந்தையையும் இது தாங்குமா?' என்பதே. அவ்வினாவுக்கு அளந்து விடைகண்டபின் அழகைப் பற்றி எவ்வளவும் பேசலாம்.